அப்பாவுக்கு எரியாத மிளகாய்

“சாம்பல் கொட்ற ஊர்ல இன்னாத்தடி மொளைக்கும்?”

அத்தை இதைக் கேட்டபோது நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். மொட்டை மாடியில் உட்கார்ந்து ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள் மண்ணை நிரப்பிக்கொண்டிருந்தேன். அத்தை அப்பாவின் அக்கா. குடியிருப்பில் எங்களுக்கு அடுத்த பிளாக்கில் இருந்தாள். துணி காயப்போட வந்தவள், வாயில் அடக்கியிருந்த புகையிலையை மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டுச் சிரித்தாள்.

அவள் கேட்டதில் தவறு சொல்ல முடியாது. அனல்மின் நிலையம் புகைகிற எண்ணூர்ப் பக்கம் மாடியில் காலையில் போட்ட வெள்ளைச் சட்டையை மாலையில் வெள்ளைச் சட்டையாக எடுக்க முடியாது. கடற்காற்று திரும்பும் நாட்களில் மாடித் தரையில் விரலால் பெயர் எழுதலாம். நான் எழுதுவேன். எங்கள் வீட்டில் அதைச் செய்யத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், தேவைக்கு மேல் பெரிதாகவே எழுதுவேன்.

அப்பா கன்டெய்னர் யார்டில் லோடுமேன். லாரி எந்த நேரத்தில் வரும் என்பது யாருக்கும் தெரியாத வேலை. பசியும் தூக்கமும் தெரியாமல் இருக்க அங்கே எல்லோரும் மாவா போடுவார்கள். சீவல், சுண்ணாம்பு, புகையிலைத்தூள் எல்லாம் சேர்த்துக் கசக்கிக் கன்னத்தில் ஒதுக்குவது. அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். அந்த வாசனையைத்தான் நான் வெகு காலம் வேலையின் வாசனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மிளகாய் இல்லாமல் அப்பா சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பழைய சோற்றுக்கு ஐந்து பச்சை மிளகாய் வேண்டும். அம்மா மாடியில் ஒரு உடைந்த குடத்தில் ஊசி மிளகாய் வளர்த்தாள். விரல் நகம் அளவுதான் இருக்கும், வாயில் வைத்தால் காது அடைக்கும். அதைக்கூட அப்பா வேர்க்கடலை கொறிப்பதுபோல் கடிப்பார். எதிர்வீட்டுக்காரர்கள் தங்கள் விருந்தாளிகளைக் கூப்பிட்டு அதைக் காட்டியிருக்கிறார்கள்.

அந்த மனிதருக்குத்தான் திடீரென்று காரம் ஆகாமல் போனது. முதலில் ஊசி மிளகாய் போனது, பிறகு மீன் குழம்பு, பிறகு ரசம். உடம்புச் சூடு என்று அம்மா மணத்தக்காளிக் கீரை வைத்துக் கொடுத்தாள். வயிற்றுப்புண் என்று மருந்துக்கடைக்காரர் ஒரு பாட்டில் கொடுத்தார். யார்டில் அவரை ‘பாப்பா’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டதாக அப்பாவே வீட்டில் சொல்லிச் சிரித்தார். மோர் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு, கடிக்க ஒன்றும் இல்லாமல் அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் சொன்னார்:

“எரியாத மொளகா ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்மா. கறுக்குனு கடிக்கணும். அவ்ளோதான்.”

எனக்கு அது வீட்டுப்பாடம் மாதிரி ஆகிவிட்டது. முதலில் பஜ்ஜி மிளகாய் வாங்கிவந்தேன். பாதி கடித்ததுமே அப்பா தலையை ஆட்டிவிட்டார். பிறகு டோல்கேட் பக்கம் காய்கறிக் கடையில் குடைமிளகாயைப் பார்த்தேன். கல்யாண வீட்டு ஃபிரைட் ரைஸில் மட்டும் பார்த்திருந்த காய். துளிக் காரம் இருக்காது என்று கடைக்கார அக்கா சத்தியம் செய்தாள். விலையைக் கேட்டுவிட்டு, கடைக்குக் கீழே தள்ளிவிட்டிருந்த குப்பையில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஒரு பக்கம் அழுகி, மறு பக்கம் நன்றாகச் சிவந்திருந்தது. அதுவே என் அதிர்ஷ்டம். பச்சையாகப் பறித்த குடைமிளகாயின் விதை பெரும்பாலும் முளைக்காது, பழுத்ததுதான் முளைக்கும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

தெர்மாகோல் பெட்டி காசிமேட்டிலிருந்து வந்தது. மீனை ஐஸ் போட்டு அடைக்கிற பெட்டி, மூடி உடைந்தால் யாரும் சீண்ட மாட்டார்கள். எங்கள் பக்கம் எல்லோரும் அதில்தான் துளசி வைப்பார்கள். நானும் பெட்டியைக் கொண்டுவந்து நேராக மண்ணைப் போட்டு விதைத்தேன். முளைத்ததெல்லாம் நான்கே நாளில் கருகியது. அத்தைக்கு மகிழ்ச்சி, சாம்பல் என்றாள். எனக்குச் சந்தேகம் வந்து பெட்டியின் உள்பக்கத்தை நக்கிப் பார்த்தேன். மீன் ஐஸின் உப்பு அப்படியே இருந்தது. மூன்று நாள் பெட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவி, மறுபடி விதைத்தேன். ஆவணி மாதம். தினமும் பள்ளிக்குப் போகுமுன் ஒவ்வொரு இலையாக ஈரத்துணியால் துடைப்பேன். அத்தை அதைப் பார்த்துவிட்டு, கொழந்தைக்கு மொகம் கழுவறா பாரு என்று மாடிக்கு மாடி சொல்லிவைத்தாள்.

மார்கழிக் கடைசியில் நான்கு காய்கள் நின்றன. கடையில் பார்த்ததைவிடச் சிறியவை, கோணலானவை. முதல் காயை நானே கழுவி அப்பாவின் தட்டில் வைத்தேன். அம்மாவும் அத்தையும் சுவரோரம் நின்று பார்த்தார்கள். அப்பா நுனியைக் கடித்தார். கறுக்கென்று சத்தம் கேட்டது. கண்ணை மூடி மெதுவாக மென்றார். வெகு நேரம் மென்றார்.

“சக்கர மாதிரி கீதும்மா” என்றார்.

நான்கையும் அவரே சாப்பிட்டார். ஒன்றைப் பழுக்கவிட்டு விதை எடுத்த பிறகுதான் கொடுத்தேன். யார்டுக்கும் ஒன்றைக் கொண்டுபோய், என் பொண்ணு கண்டுபிடிச்சது என்று காட்டியிருக்கிறார். அந்த வாரம் முழுவதும் நான் குடியிருப்பின் படிகளில் நடந்த நடை எனக்கே நினைவிருக்கிறது.

அந்த விதையை மாசியில் போட்டேன். இடமில்லாததால் அம்மாவின் ஊசி மிளகாய்க் குடத்தை ஒட்டியே இந்தப் பெட்டியும் இருந்தது. வெயிலில் பூவெல்லாம் உதிர்ந்து, மூன்று செடியில் மூன்றே பிஞ்சு பிடித்தது.

அது காயாகிக்கொண்டிருந்தபோது, ஆனி மாதம், நான் வயதுக்கு வந்தேன். வீட்டின் மூலையில் தனித் தட்டு, தனிப் பாய், தனி டம்ளரோடு உட்காரவைத்தார்கள். பூச்செடி, ஊறுகாய் ஜாடி, அரிசி டிரம் எதையும் தொடக்கூடாது என்று அத்தை வரிசையாகச் சொன்னாள். பள்ளிக்கும் இல்லை. எனக்குக் கவலையெல்லாம் செடிமேல். தண்ணீர் ஊற்றச் சொல்லி அம்மாவைக் கெஞ்சினேன். அம்மா மீன் கம்பெனி வேலைக்கு இருட்டோடு போய்விட்டு, வந்ததும் படுத்துவிடுகிறவள். நான்காம் நாள் மத்தியானம் யாரும் இல்லாதபோது தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். இலைகள் துவண்டு சாம்பல் பூத்துக் கிடந்தன. தண்ணீர் ஊற்றினேன். இலைகளைத் துடைத்தேன். ஒரு காயைக் கையில் ஏந்திப் பார்த்தேன். திரும்பினால் பக்கத்து மாடியில் அத்தை நின்றிருந்தாள்.  புகையிலையைத் துப்பிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

ஆடியில் தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அப்பா ஒரு சொம்பு நிறைய வாங்கிவந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை, அத்தையும் வந்திருந்தாள். கூழுக்குக் கடிக்க எல்லோருக்கும் வெங்காயமும் கருவாடும் வைத்திருந்தோம். அப்பாவுக்கு மட்டும், காலையில் நான் பறித்த முதல் குடைமிளகாய். அவர் காம்பைப் பிடித்துக்கொண்டு நுனிப்பக்கம் கடித்தார்.

இரண்டு முறைகூட மென்றிருக்க மாட்டார். எழுந்தார். சொம்பு கவிழ்ந்தது. குழாயடிக்கு ஓடி வாயைத் தண்ணீரில் காட்டிக்கொண்டு நின்றார். முழு வாயையும் அவரால் திறக்க முடியவில்லை, உதடுகளுக்கு இடையில் தண்ணீர் சிதறியது. எச்சில் நூலாகத் தொங்கியது. கண்ணிலிருந்து நீர் கொட்டியது. அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அத்தை என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

“போன தபா சக்கரையா இருந்துச்சே. இந்த தபா இன்னாத்துக்கு எரியுது? நாலாம் நாளு நீ மாடிக்குப் போவல? செடியத் தொடல? நான் பாத்துகினு தான இருந்தேன்.”

அம்மா தரையில் கொட்டிய கூழைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். எனக்குப் பயமே இல்லை. அஞ்சாவதோடு பொண்ணுக்குப் போதும் என்று அத்தை சொன்னபோது, பேசாம போக்கா என்று அவள் வாயை அடைத்தவர் அவர். இந்தத் தீட்டுப் பேச்சையெல்லாம் சிரித்தே ஊதித் தள்ளுகிறவர். இப்போதும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

அப்பா துண்டால் வாயைத் துடைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“வுடுக்கா” என்றார். “தெரியாம பண்ணிட்டா. சின்னப் பொண்ணு.”

மன்னித்துவிட்டார். மன்னித்துவிட்டதால் நான் செய்தது உறுதியாகிவிட்டது.

அத்தை மாடிக்குப் போய் மூன்று செடிகளையும் வேரோடு பிடுங்கிக் கால்வாயில் எறிந்துவிட்டு வந்தாள். நான் பாத்திரம் கழுவ உட்கார்ந்தேன். அப்பாவின் தட்டில் அவர் கடித்து வைத்த மிச்சம் கிடந்தது. காம்போடும் விதையோடும் முக்கால் காய். எனக்கும் எரியட்டும் என்று நினைத்தேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தண்டனை. வாயில் போட்டு, விதையை விடாமல் மென்றேன்.

எரியவில்லை. இனித்தது. தண்ணீர்விட்ட வெள்ளரிக்காய் மாதிரி சப்பென்று இனித்தது.

ஏழாம் வகுப்பில் அறிவியலில் முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். அந்தச் சுவையிலிருந்து நான் கண்டுபிடித்தது இதுதான்: தப்புச் செய்தவளுக்கு எரியாதுபோல. அவளால் பாதிக்கப்பட்டவருக்குத்தான் எரியுமாக்கும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தப்பிக்கப் பொய் சொல்கிறேன் என்பார்கள். காம்பைக்கூடத் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தேன்.

அதற்குப் பிறகு அப்பா மிளகாய் கேட்கவில்லை. கஞ்சி, பிறகு கஞ்சித் தண்ணீர். தீபாவளிக்கு வாங்கிய இனிப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பண்டிகை முடிந்து, கன்னத்தில் வெளியே தெரிகிற மாதிரி ஒரு வீக்கம் வந்த பிறகுதான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நானும் போனேன். எழுதப் படிக்கத் தெரிந்தவள் ஒருத்தி வேண்டுமே. வரிசையில் நின்றவர்கள் பார்க்க, அப்பாவின் பெயர், வயது, தொழில் எல்லாவற்றையும் படிவத்தில் நான் எழுதினேன். எங்கள் குடும்பத்தில் ஆஸ்பத்திரிப் படிவத்தைச் சொந்தமாக நிரப்பிய முதல் ஆள். எழுத்து கோணாமல் இருக்க ஸ்கேல் வைத்துக்கொண்டு எழுதினேன்.

டாக்டர் அம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். அப்பாவின் பற்களுக்கு நடுவே ஒரு விரல்தான் நுழைந்தது. காரம் எரிகிறது சரி, காரமே இல்லாத சாப்பாடு எரிய ஆரம்பித்தது எப்போது என்று கேட்டார். அப்பா விரல் மடக்கி மாதங்களை எண்ணினார். நான் பேனாவோடு தயாராக நின்றேன்.

“போன கார்த்திகைல இருந்து” என்றார்.

கார்த்திகை என்று எழுதினேன். தீபத்துக்கு வருகிற கார்த்திகை, தப்பில்லாமல்.

ஒரு பக்கத்துக் கன்னத்தை எடுத்தார்கள். நான் ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா இறந்தார். காரியத்தன்று அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவள் சொல்லாததுதான் என் காதில் வெகு வருடம் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு நான் வீட்டில் எதையும் நட்டதில்லை. மாதவிலக்கு நாட்களில் யாருடைய தட்டையும் தொட்டதில்லை. மேல்நிலைப் பள்ளி விடுதியில் தோழிகள் கேலி செய்தாலும் தனியாகத்தான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

கல்லூரியில் தாவரவியல் எடுத்தேன். இரண்டாம் வருடத்தில் ஒரு வகுப்பு. குடைமிளகாய்க்குப் பக்கத்தில் கார மிளகாய் இருந்தால், பூச்சி மகரந்தத்தை இதிலிருந்து அதற்குக் கொண்டுபோகும். அந்தக் காய் மாறாது. அதன் விதையிலிருந்து வருகிற அடுத்த தலைமுறைச் செடியில் காரம் வந்துவிடும். வீட்டுத்தோட்டம் போடுகிறவர்கள் இரண்டையும் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். அவ்வளவுதான், சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்கள். நான் பேருந்தில் டோல்கேட் வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். ஊசி மிளகாய்க் குடம். தேனீ. நான் இல்லை.

அந்த நிம்மதி இரண்டு வாரம் இருந்தது. பிறகு ஆய்வுக்கூடத்தில் மிளகாயை நீளவாக்கில் வெட்டிப் படம் வரையச் சொன்னார்கள். காரம் சதையில் இல்லை, காம்புக்குக் கீழே விதை ஒட்டியிருக்கிற வெள்ளைப் பகுதியில்தான், நுனிக்கு வர வரக் குறையும் என்று பாகம் குறித்துக்கொண்டே வந்த என் பென்சில் நின்றுவிட்டது. அப்பா கடித்தது நுனி. நான் தின்றது காம்புப் பக்கம், வெள்ளைப் பகுதியோடு, விதையோடு. அது இனித்தது. தேனீ ஒன்றும் செய்யவில்லை. அந்தக் காயில் காரமே இல்லை.

வீட்டுக்கு வந்து அலமாரியில் இருந்த ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்தேன். ஸ்கேல் வைத்து எழுதிய எழுத்து கொஞ்சமும் மங்கவில்லை. கார்த்திகை. என் முதல் காய் வந்தது மார்கழியில். சக்கர மாதிரி கீதும்மா என்று அவர் கண்ணை மூடி மென்றது, அந்தக் கார்த்திகைக்கு அடுத்த மாதம்.

கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவள், இரண்டு மாதங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கவில்லை. நான்கு காயையும் எரிய எரியத்தான் தின்றிருக்கிறார். எனக்காகத் தின்றார் என்று அதோடு நிறுத்திக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் ஆடியில் என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாரே, அதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது. எரிந்தது மிளகாய் இல்லையென்றால் வாய். வாய் என்றால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் அங்கே சொல்லப்போகிற வார்த்தை. யார்டில் இரண்டு பேர் அது வந்து செத்ததை அவர் பார்த்திருக்கிறார். அந்தப் பயத்தை ஒளித்துவைக்க அவருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அத்தை கையை நீட்டிக் காட்டிய இடத்தில் பன்னிரண்டு வயதில் நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். நானும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. வாயில் இனிப்பை வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவினேன். காய் இனிக்கிறது என்று அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஆடியிலேயே யாராவது அவர் வாயைத் திறந்து பார்த்திருப்பார்கள்.

இதை இரண்டு வருடம் மனதுக்குள்ளேயே வைத்திருந்தேன். போன மாதத்திலிருந்து அத்தை டீயை ஆறவைத்துக் குடிக்கிறாள். அம்மா வைத்த ரசத்தில் மிளகை அள்ளிக் கொட்டிவிட்டதாகச் சண்டை பிடித்தாள். நான் அந்த ரசத்தை எடுத்துக் குடித்துப் பார்த்தேன். எரியவில்லை.

நேற்றுக் காலை அத்தை வீட்டுக்குப் போனேன். நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, தட்டில் கிடந்த மிச்சத்தை நான் தின்றதிலிருந்து கார்த்திகை மாதம்வரை எல்லாவற்றையும் சொன்னேன்.  அத்தையின் கை மீனைக் கிள்ளிக்கொண்டே இருந்தது, பிறகு நின்றது.

“அப்போ அன்னிக்கே தூக்கினு போயிருந்தா அவன் பொழச்சிருப்பானா?”

“தெரியல அத்த.”

“நீ படிச்சவ. உனுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியும். இத்தனை வருடம் அவள் என்மேல் வைத்திருந்ததைத் தூக்கி அவள்மேல் வைக்க ஒரு வார்த்தை போதும். இல்லை, பிழைத்திருக்க மாட்டார் என்று சொல்லி அவளை விடுவிக்கவும் ஒரு வார்த்தை போதும். எழுந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டுவந்தேன். அவள் கையில் சொம்பைக் கொடுத்து, கழுவிக்கொண்டு செருப்பைப் போடச் சொன்னேன். அவள் வீட்டுப் படி ஏறும் முன்பே ஆட்டோவைக் கீழே நிறுத்திவைத்திருந்தேன்.